எதை வைத்து உரிப்பது

"எத வச்சு உரிக்கட்டும், மேஸ்திரி?"

இசக்கி ஒரு லாரிக் கதவில் ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில், திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கிறது அவளுடைய டிங்கரிங் பட்டறை. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. கேள்வி கேட்ட பாக்கியநாதனுக்கு அறுபத்து மூன்று. கல்லூரியில் முப்பத்தைந்து வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். துரு என்றால் என்ன என்று கேட்டுவிட்டால் போதும், கரும்பலகை நிறைய எழுதிக் காட்டுவார்.

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவர் காரைக் கெடுத்திருந்தார்.

மாமனார் சீதனமாகக் கொடுத்த மாரிஸ் கார் அது. வாத்தியாருக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டியதெல்லாம் மனைவி ரெஜினாதான். இவர் செய்தது ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போதெல்லாம் காரையும் காட்டிவிடுவார். துரு தின்ற இடத்தில் பட்டிப் பசையை அப்பி, மேலே ஒரு கோட்டு பெயிண்ட். முப்பது கிறிஸ்துமஸ், முப்பது கோட்டு. மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் கார் புதுசா என்று கேட்பார்கள். இவருக்குப் பெருமை பிடிபடாது.

பிறகு ஒருநாள் அது நின்றது. நின்றது நின்றதுதான், பத்து வருடம்.

போன ஈஸ்டர் சமயத்தில் கண் டாக்டர் ரெஜினாவிடம் சொன்னார்: "இந்த வருஷம் பகல்ல கார் ஓட்டலாம்மா. அடுத்த வருஷம் நான் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா ஷெட்டைத் திறந்து பார்த்தாள். "அப்பா வண்டிய ஒருக்கா ஓட்டிப் பாத்துரணும்ங்க" என்றாள்.

அவ்வளவுதான். வாத்தியார் கிளம்பிவிட்டார். முப்பது கோட்டையும் உரித்து, துருவை எடுத்து, மாமனார் கொடுத்த அன்று இருந்த மாதிரி ஆக்கிவிட வேண்டும்.

எதை வைத்து உரிப்பது என்பதில்தான் ஐந்து மாதம் போயிற்று.

லேத் பட்டறைக்காரர் காற்றழுத்தத்தில் மணல் அடிக்கச் சொன்னார். பெயிண்ட் கடைக்காரர் ஒரு களிம்பைக் காட்டி, தடவினால் வாழைப்பழத் தோல் மாதிரி கழன்றுவிடும் என்றார். இன்னொருவர் சூடு காட்டி வழிக்கச் சொன்னார். மச்சான் போனில் வெல்லப்பாகைக் கரைத்து அதில் ஊறப்போடச் சொன்னான். முழுக் காரையுமா என்று கேட்டதற்கு, அதை யோசிக்கவில்லை என்றான்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து, நோட்டோடு இசக்கி முன்னால் நின்றார்.

"நீங்களே சொல்லுங்க மேஸ்திரி. மணலா, களிம்பா?"

இசக்கி சுத்தியலை வைத்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கார சுத்தி வாங்க சார்."

சுற்றினார். காந்தம் கூரையில் ஒட்டியது. பானெட்டில் ஒட்டியது. கதவின் கீழ்ப்பாதியில் வைத்தார், பொத்தென்று விழுந்தது. எடுத்து நாலு விரற்கடை தள்ளி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

திரும்பி வந்தார்.

"கீழ எங்கயும் ஒட்ட மாட்டேங்குது."

"இரும்பு இருந்தாத்தான ஒட்டும். அது பூராவும் பட்டி."

"அங்க மணல் அடிச்சா?"

"கதவு வழியா ரோடு தெரியும்."

வாத்தியார் குனிந்து கதவைத் தட்டிப் பார்த்தார். "அப்போ இந்தக் கார்ல காரே இல்லையா?"

"மேல இருக்கு சார். கீழ நீங்கதான் இருக்கீங்க."

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மணல் என்பதை நோட்டில் அடித்துவிட்டு, ஆசிட் என்று எழுதினார்.

காலையில் முதல் ஆளாகப் பட்டறையில் நின்றார்.

"ஆசிட் வச்சா என்ன மேஸ்திரி? துருவக் கரைச்சிரும்."

"கரைக்கும் சார். துருவக் கரைச்சிட்டு, அடுத்து இருக்கது நல்ல இரும்புன்னு அதுக்குத் தெரியுமா?"

தெரியாது. இரண்டையும்தான் கரைக்கும். மடிப்புக்குள் புகுந்துகொண்டால் வருடக்கணக்கில் உட்கார்ந்து தின்னும். முப்பத்தைந்து வருடம் அவரே நடத்திய பாடம். வெட்கமாக இருந்தது.

"பின்ன எதத்தான் வைக்க?"

இசக்கி உப்புத்தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். கூரையைக் காட்டினாள்.

"உள்ளங்கை அகலம். அதுக்கு மேல வேண்டாம்."

தேய்த்தார். நீலம் போய்ப் பச்சை வந்தது. பச்சை போய் வெள்ளை. ஒவ்வொரு கிறிஸ்துமஸாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மாலை ஐந்து மணிக்கு இரும்பு தெரிந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லாமல், வெள்ளி மாதிரி.

சின்னப்பிள்ளை போலக் குதிக்கத் தோன்றியது அவருக்கு. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வந்து பார்த்தபோது அந்த இடம் செம்மண் நிறத்தில் பூத்திருந்தது.

"மேஸ்திரி! இங்க வந்து பாருங்க! நேத்து கண்ணாடி மாதிரி இருந்துச்சு!"

இசக்கி வந்து பார்த்தாள். "கடல்காத்து சார். நேத்தே ஏன் பிரைமர் அடிக்கல? டப்பா அங்கதான இருந்துது."

"அதுல ரெண்டு வகை இருந்துது. எது நல்லதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

"நீங்க யோசிச்சீங்க" என்றாள் இசக்கி. "துரு யோசிக்கல."

இதற்கு என்ன அர்த்தம் என்று வீடுவரைக்கும் யோசித்துக்கொண்டே போனார். சீக்கிரம் முடிவெடு என்கிறாளா? முடிவே எடுக்காதே என்கிறாளா? பிரைமரைச் சொல்கிறாளா, தன்னைச் சொல்கிறாளா? ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததால் புதிய நோட்டு ஒன்று வாங்கினார்.

பட்டறைப் பக்கமே போகாமல், காரை மனதுக்குள் பதினான்கு துண்டாகப் பிரித்தார். துண்டுக்கு ஒரு பக்கம். ரெஜினா ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் முடியலையாங்க?"

"கூரை முடிஞ்சிட்டு. பானெட்டுல நிக்கேன்."

"எங்க, பட்டறையிலயா?"

"நோட்டுல."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

எட்டாவது நாள் முடிவு கிடைத்தது. கூரைக்கும் பானெட்டுக்கும் களிம்பு. மடிப்புகளில் கம்பிப் பிரஷ். கீழ்ப்பாதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு. அன்றன்றைக்கு உரித்த இடத்துக்கு அன்றன்றைக்கே பிரைமர். சரியான முடிவு. இசக்கியிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

காலை பத்து மணிக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"மேஸ்திரி! முடிவு பண்ணிட்டேன்!"

கார் நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"கார் எங்க?"

"அம்மா எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான் சார். போன வாரம் வந்தாங்க. இது ஓடுமான்னு கேட்டாங்க."

வாத்தியார் நோட்டைப் புரட்டினார். ஐந்து மாதத்தில், இரண்டு நோட்டில், அந்தக் கேள்வி எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அடிச்சட்டம் கெட்டியா இருந்துது. பேட்டரி மாத்தி, பிரேக்கப் பாத்து, டயர் போட்டேன். இன்ஜின் ரெண்டு தும்மல் தும்மிட்டுப் பிடிச்சிட்டு. மூணு நாளா பின்னால உக்காந்து நானும் கூடப் போனேன். இன்னைக்குத்தான் தனியா எடுத்தாங்க."

"உரிக்காமலா?"

"பெயிண்டப் பத்தி அம்மா ஒண்ணும் கேக்கல சார்."

"துரு?"

"கேக்கல."

நோட்டை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. குழப்பம்தான் முன்னைவிட அதிகமாயிற்று. சரியான முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித் திருதிருவென்று விழிப்போம் என்று அவரே நினைத்ததில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

"நீங்க பானெட்டுல நிக்கீங்கன்னாங்க."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"ஒண்ணு கேட்டாங்க."

"என்ன?"

"இடதுபக்கக் கதவு திறக்குமான்னு."

வாத்தியார் நோட்டைக் கீழே வைத்தார். ரெஜினா ஓட்டுகையில் இடதுபக்கம் இவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

"திறக்குமா மேஸ்திரி?"

இசக்கி சுத்தியலைக் கையில் எடுத்தாள்.

"அம்மா திரும்பி வர்ற நேரம். ரோட்டுல போயி நில்லுங்க சார்."