ஏரிக்கரையில் களை எடுத்த கதை

மணலூர் மன்னன் கடம்பராயன் நல்லவன்தான். ஆனால் வெளியூர் போய் வந்தால் ஏதாவது ஒரு புது ஆசையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவான். அந்த முறை அவன் ஏற்றிக்கொண்டு வந்தது பக்கத்து நாட்டு ஏரி ஒன்றின் கரையை.

"என்ன சுத்தம் தெரியுமா!" என்று சபையில் வியந்தான். "ஒரு புல் கிடையாது, பூண்டு கிடையாது. வழித்து வைத்த மாதிரி இருக்கிறது. நம் ஏரியும் இருக்கிறதே!"

மழவராயர் இந்த வாய்ப்பை விடுவாரா? அமைச்சர்களில் அவர் மூத்தவர். மன்னன் எதற்கெடுத்தாலும் இளைய அமைச்சன் ஆட்கொண்டானைக் கூப்பிடுவது அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல்.

"நம் ஏரிக்கரை முழுக்கக் களை, மன்னா. ஆட்கொண்டான்தான் தினமும் காலையில் அங்கே உலாவப் போகிறார். அவரிடமே பொறுப்பை விட்டால் சுத்தமாக முடிப்பார்" என்றார்.

ஆட்கொண்டானுக்குச் சுருக்கென்றது. அவன் அங்கே உலாவப் போவது அந்தச் செடி கொடிகளைப் பார்க்கத்தான். மழை வந்ததும் ஆம்பல் கண் திறக்கும். தண்ணீர் வற்றினால் அதே இடத்தில் பொன்னாங்கண்ணி படரும். நாணலுக்குள் நீர்க்கோழி குஞ்சு பொரிக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் ஏரி ஒரு புதுச் சேலை உடுத்தும்.

"மன்னா, கோரையும் நாணலும்தான் வேரால் கரையைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. எடுத்தால் மண் சரியும்" என்றான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏரிக்கரையில் களையே இருக்கக் கூடாது. ஒன்று மிஞ்சினாலும் உன் தலைப்பாகையைக் கழற்றி மழவராயரிடம் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்!"

ஆட்கொண்டான் சற்று யோசித்தான். பிறகு பணிவாகக் கேட்டான். "களை என்று மன்னர் சொல்வது..."

"களை என்றால் களைதான்! அதற்கு அகராதி வேறு வேண்டுமா?"

"வேண்டாம் மன்னா. முதலில் அரண்மனைப் படித்துறைப் பக்கம் மட்டும் எடுக்கிறேன். தாங்கள் வந்து பார்த்து, களை போய்விட்டது என்று சொன்னால், மற்றக் கரையைத் தொடுகிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் மன்னன்.

மறுநாள் ஆட்கள் இறங்கினார்கள். ஆட்கொண்டான் பக்கத்திலேயே நின்றான். நொச்சிப் புதரில் முதல் வெட்டு விழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாய் முடையும் நங்கை அரிவாளும் கையுமாக ஓடி வந்தாள்.

"என்ன சாமி இது? கோரையை எல்லாம் பிடுங்கிப் போட்டா நாங்க எதை வெச்சுப் பாய் முடையறது? உங்க தலைப்பாகையைப் பிரிச்சு முடையவா?"

"அதுவும் இன்றைக்கோ நாளைக்கோ போகிற நிலையில்தான் இருக்கிறது தாயே" என்றான் அவன். "ஆழத்தில் இருக்கிற கிழங்கை மட்டும் விட்டுத்தான் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு துறையோடு நிறுத்திவிடப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்."

அவள் நம்பாமல் போனாள். உண்மையைச் சொன்னால் அவனுக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அடுத்த வாரம் ஒரு மழை பெய்தது. மழை விட்ட மாலையில் மன்னன் அரசியோடும் பரிவாரத்தோடும் துறைக்கு வந்தான். மழவராயர் முன்னால் நடந்தார்.

எல்லோரும் துறையை எட்டிப் பார்த்தார்கள். கரை மண் சரிந்து படியெல்லாம் சேறு. செம்மண் கலங்கிய தண்ணீர். ஒரு பறவை இல்லை. ஒதுங்க ஒரு நிழல் இல்லை. மன்னன் ஓர் அடி வைத்தான். செருப்பு சேற்றோடு நின்றுவிட்டது, கால் மட்டும் மேலே வந்தது.

அரசி முகத்தைச் சுளித்தாள். "ஆம்பல் பார்க்கலாம் என்று கூட்டி வந்தீர்களே, இதுதானா?"

மன்னனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "என்ன ஆட்கொண்டான் இது! இந்தத் துறை எவ்வளவு களையாக இருக்கும்! இப்போது பார், களையே இல்லையே!"

ஆட்கொண்டான் இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டான். "கேட்டீர்களா மழவராயரே? மன்னரே சொல்லிவிட்டார், களையே இல்லையாம்! என் தலைப்பாகை பிழைத்தது."

"அடேய், நான் சொன்னது அந்தக் களை! அழகு!"

"களை என்றால் களைதான், அகராதி வேண்டாம் என்று உத்தரவு மன்னா. நானும் இந்தக் களையைத்தான் பிடித்து இழுத்தேன். அந்தக் களையும் கூடவே வந்துவிட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்று போலிருக்கிறது." பிறகு எதிர்க்கரையைக் காட்டினான். அங்கே நாணல் காற்றில் அசைந்தது. ஆம்பல் நடுவே நீர்க்கோழி நீந்திப் போனது. "அங்கே இன்னும் நிறையக் களை இருக்கிறது. உத்தரவு கொடுத்தால் நாளைக்கே எடுத்துவிடுகிறேன்."

மன்னன் அந்தக் கரையைப் பார்த்தான். காலடிச் சேற்றைப் பார்த்தான். பிறகு ஒற்றைச் செருப்போடு நின்று வயிறு குலுங்கச் சிரித்தான்.

"வேண்டாமப்பா, வேண்டாம்! இனி அந்தக் கரையில் யாரும் கைவைக்கக் கூடாது. பாய்க்குக் கோரை அறுப்பவர்களும் கீரை பறிப்பவர்களும் வழக்கம்போல் வந்து போகட்டும்." கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆட்கொண்டானுக்குப் போட்டான். பிறகு மழவராயர் பக்கம் திரும்பினான். "இந்தத் துறை பழையபடி பச்சையாவது உம் பொறுப்பு!"

மழவராயர் இரண்டு கைகளையும் விரித்தார். "மன்னா! எந்தச் செடி எங்கே முளைக்கும், எதற்கு என்ன செய்ய வேண்டும், எனக்கு ஒன்றுமே தெரியாதே!"

"பயப்படாதீர்கள்" என்று ஆட்கொண்டான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தான். "கிழங்கும் விதையும் மண்ணுக்குள்ளே பத்திரமாக இருக்கின்றன. யாரும் தொடாமல் விட்டால் தானாக வந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அமைச்சர் பதவியில் இத்தனை காலமாக எப்படி இருக்கிறீர்களோ, அப்படியே இருந்தால் போதும்!"