வெருமாடன் துரை நல்லவரா?

சேந்தன்துறைக் கோட்டையை ஆண்ட ஒல்லாந்துக் கவர்னருக்குச் சொந்தப் பெயர் வெர்மாடன். ஊரார் வாயில் அது வெருமாடன் ஆயிற்று. வெருட்டுகிற மாடன் என்று பயத்தில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. சாமிப் பெயர்போல இருக்கிறதே என்று பிரியமாகச் சொன்னவர்களும் உண்டு.

அவருக்குத் துபாசியாக இருந்தவர் ஆவுடையப்பன். துரை சொல்வதை ஊருக்குத் தமிழிலும், ஊர் சொல்வதைத் துரைக்கு ஒல்லாந்திலும் சொல்வது அவர் வேலை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருந்த கொம்பைச் சாமியின் மடத்துக்குப் போவார். சீடராக உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். சாமி அவரைவிட இளையவர். பேச்சு குறைவு. கோபம் அதிகம்.

அன்று சாமி மடத்துக் கூரைமேல் உட்கார்ந்து பனையோலை வேய்ந்துகொண்டிருந்தார். ஆவுடையப்பன் வியர்க்க விறுவிறுக்க வந்து கீழே நின்றார்.

"சாமி, எங்கள் துரை நல்லவரா, கெட்டவரா?"

"அந்த ஓலையை எடுத்துக் கொடும்."

எடுத்துக் கொடுத்தார்.

"சாமி, நான் கேட்டது..."

"காதில் விழுந்தது. போன மாசமும் விழுந்தது. அதற்கு முந்தின மாசமும் விழுந்தது. அடுத்த ஓலையைக் கொடும்."

"இந்தத் தடவை எனக்குப் பதில் வேண்டும். அவர்மேல் புகார் போயிருக்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து இரண்டு துரைமார் விசாரணைக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் கூடவே இருந்தவன் நான்தான் என்று என்னைக் கேட்கிறார்கள். நல்ல ஆட்சியா, கொடிய ஆட்சியா, ஒரே வார்த்தையில் சொல் என்கிறார்கள். நல்லது என்றால் நாற்காலி அவருக்கே. கொடியது என்றால் விலங்கு."

"என்றைக்குச் சொல்ல வேண்டும்?"

"நாளைக் காலையில்."

சாமி ஏணியில் இறங்கி வந்தார். தோளில் ஒட்டியிருந்த ஓலைத் தும்பைத் தட்டிவிட்டார்.

"உம்முடைய துரை அப்படி என்னதான் செய்தார்? சொல்லும், கேட்போம்."

ஆவுடையப்பன் சொன்னார்.

வெர்மாடன் சிப்பாய் வீட்டுப் பிள்ளை. கணக்கெழுதும் குமாஸ்தாவாகக் கப்பலிலிருந்து இறங்கியவர். படகுக்காரர்களோடு சண்டை போட்டே தமிழ் கற்றார். கருவாடும் சோறும் விரும்பிச் சாப்பிடுவார். கவர்னரானதும் காலையில் பிரம்போடு கடைத்தெருவில் நடந்து, அளக்கும் படிகளைத் தட்டிப் பார்ப்பார். கள்ளப்படி வைத்தவனின் கடையை அன்றே மூடினார். ஏழைகள் கும்பிட்டார்கள். அதே பிரம்பு நெசவுத் தெருவுக்கும் போயிற்று. கோட்டையைத் தவிர வேறு யாருக்கும் துணி விற்கக் கூடாது என்றார். விற்றவர்களை மரத்தில் கட்டி அடித்தார்.

பஞ்சம் வந்தது. கோட்டையின் வடக்கு வாசலில் கஞ்சி ஊற்றச் சொன்னார். ஊரே வரிசையில் நின்றது. கஞ்சி எட்டாதவர்கள் தெற்கு வாசலுக்குப் போனார்கள். அங்கே தங்களையே விற்றுக்கொண்டு அடிமைகளாகக் கப்பலேறினார்கள். அந்தக் கப்பலுக்கும் உத்தரவு கொடுத்தவர் அவர்தான்.

"இன்னொரு பஞ்சம் வரக் கூடாது என்று கால்வாய் வெட்டினார், சாமி. ஆற்றுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்றார். வராதவனை இழுத்து வந்தார்கள். பனங்காட்டுப் பக்கம் கரை சரிந்து ஒரு வரிசை ஆட்கள் அப்படியே புதைந்து போனார்கள். வேலை நிற்கவில்லை. அந்த வருஷமே தண்ணீர் வந்தது. அடுத்து மழை பொய்த்தபோது சேந்தன்துறையில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை."

"சரி."

"என்ன சாமி சரி? கடைத்தெருக்காரர்கள் என் வீட்டுக்கு வாழைத்தார் அனுப்புகிறார்கள், துரையைக் காப்பாற்று என்று. நெசவுத் தெருக்காரர்கள் என் வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றுகிறார்கள், அவரை விடாதே என்று. நான் என்ன செய்ய?"

"தாகமாக இருக்கிறது. கால்வாயிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவாரும்."

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். கொண்டுவந்து வைத்தார்.

"இன்னொரு செம்பு வேண்டும். நெசவுத் தெருக் கடைசியில் உச்சிமாளி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் குடிக்கிற தண்ணீர்."

"சாமி, வெயில் கொளுத்துகிறது."

"எனக்கும்தான்."

உச்சிமாளி வாசலில் நூல் இழைத்துக்கொண்டிருந்தாள். துபாசியைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுத் தண்ணியா? சாமிக்கா?"

"ஆமாம், உச்சிமாளி. நீ குடிக்கிற தண்ணீர்தான் வேண்டுமாம்."

"உப்பா இருக்குமே, ஐயா. வாயில வைக்க முடியாது."

"உன் வீட்டுக்குப் பின்னாலேயே கால்வாய் ஓடுகிறதே?"

"ஓடுது. பேரப்பிள்ளைக அதத்தான் குடிக்குதுக. நான் குடிக்கதில்ல. உவர்க் கிணத்துக்கு நடந்துபோயி எனக்கு மட்டும் ஒரு குடம் எடுத்தாருவேன். எம்புருசனும் மகன் சுடலையும் அந்தக் கரைக்குள்ளதான கெடக்காக."

ஆவுடையப்பன் செம்பை வாங்கிக்கொண்டு வேகமாகத் திரும்பினார்.

சாமி முதல் செம்பிலிருந்து ஒரு வாய் குடித்தார். இரண்டாவதிலிருந்தும் ஒரு வாய் குடித்தார். முகம் சுளிக்கவில்லை.

ஆவுடையப்பன் இரண்டு செம்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"விளங்கிவிட்டது, சாமி!"

பக்கத்தில் கிடந்த பானையை எடுத்து இரண்டு தண்ணீரையும் அதில் ஊற்றினார். ஒரு கலக்குக் கலக்கினார்.

"இதுதான் எங்கள் துரை. கொஞ்சம் நல்லவர், கொஞ்சம் கெட்டவர். அப்படியே போய்ச் சொல்லிவிடுகிறேன்."

சாமி பானையிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார்.

"கால்வாய்த் தண்ணீர் பிள்ளைகளுக்காவது ஆயிற்று. உப்புத் தண்ணீர் அவளுக்காவது ஆயிற்று. இது யாருக்கு ஆகும்?"

பானையைத் தூக்கி ஆமணக்குச் செடியின் அடியில் கவிழ்த்தார். ஏணியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூரைக்குப் போய்விட்டார்.

"சாமி, நாளைக் காலையில்..."

"போம் ஓய்!"

மறுநாள் கோட்டை மண்டபத்தில் விசாரணை நடந்தது. வந்திருந்த துரைமாரில் ஒருவர் நெட்டை. மற்றவர் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார். வெர்மாடன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வாளை வாங்கி வைத்திருந்தார்கள். கடைத்தெருக்காரர்கள் வந்து அவரைத் தர்மப் பிரபு என்றார்கள். நெசவுத் தெருக்காரர்கள் வந்து எமன் என்றார்கள். இரண்டு கூட்டமும் வாசலில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தன.

அப்போது உச்சிமாளி வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. காவல்காரர்கள் ஈட்டியைக் குறுக்கே வைத்தார்கள்.

"அவளை உள்ளே விடு" என்று வெர்மாடனே சொன்னார்.

அவள் துரைமாரைப் பார்க்கவில்லை. துபாசியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கரை சரிஞ்ச சேதி கேட்டு நாங்க பொம்பளைக எல்லாம் ஓடுனோம். பனங்காட்டுக்கு இந்தப் பக்கமே மறிச்சுட்டாக. மண்ணுக்குள்ள ஆளுக இருக்காகய்யா, தோண்டுங்கய்யான்னு கத்துனோம். தோண்டல. மேலயே மண்ணப் போட்டு மூடச் சொல்லி உத்தரவாம். மழைக்கு முந்தி முடிக்கணுமாம்."

ஆவுடையப்பன் அதை ஒல்லாந்தில் சொன்னார். வழக்கமாக யாராவது அழுது புலம்பினால், 'மனுதாரருக்கு மனக்குறை' என்று சொல்லி முடித்துவிடுவார். அன்று அவள் சொன்னதில் ஒன்றையும் கழிக்கவில்லை, கூட்டவுமில்லை.

வெர்மாடன் எழுந்துவிட்டார். துபாசிக்காகக் காத்திருக்காமல் தமிழிலேயே கத்தினார்.

"உன் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா, இல்லையா? அதைச் சொல்!"

"இருக்குதுக, துரை. உங்க தண்ணியாலதான் இருக்குதுக. நான் இல்லேங்கல."

"பிறகு உனக்கு என்னதான் வேண்டும்?"

"எந்த எடத்துல மூடுனீகன்னு சொல்லுங்க. அந்த வரிசையில வெட்டுன ஆளுக ஒருத்தரும் மிஞ்சல. மூடுனவுக எல்லாம் வெளியூரு ஆளுக. அவுகளயும் எங்கயோ கப்பலேத்திட்டாக. பனங்காடு நெடுக ஒரே கரையா கெடக்கு. எங்க வெளக்கு வைக்கன்னு தெரியாம, ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் வெளக்கக் கையில வச்சுக்கிட்டே நடந்துட்டுத் திரும்பி வாறேன்."

வெர்மாடனுக்குக் கோபம் இறங்கிவிட்டது. பிறகு தன் பாஷையில் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு அந்த இடம் தெரியாது. அன்றைக்கு நான் கோட்டையில் இருந்தேன். உத்தரவு மட்டும்தான் அனுப்பினேன்."

ஆவுடையப்பன் உச்சிமாளியிடம் திரும்பினார்.

"துரைக்குத் தெரியாதாம்."

அவ்வளவுதான் சொன்னார். வெர்மாடனுக்குத் தமிழ் தெரியும். துபாசியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

இருமிக்கொண்டிருந்த துரை கையை அசைத்தார். இதெல்லாம் விசாரணையில் சேராது என்றார். உச்சிமாளியை வெளியே கூட்டிப்போனார்கள்.

நெட்டைத் துரை கடைசியாக ஒன்று கேட்டார். கோட்டைக்குச் சொந்தமான கப்பலில் கவர்னர் தன் சொந்தத் துணிமூட்டைகளை ஏற்றி விற்றது உண்டா?

"உண்டு" என்றார் வெர்மாடன்.

அதோடு முடிந்தது. அன்று மாலையே அவருக்கு விலங்கு பூட்டிப் படகில் ஏற்றினார்கள். கடற்கரையில் நின்றவர்களில் சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஆவுடையப்பனிடம் அந்த ஒரு வார்த்தையை யாரும் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் அவர் மடத்துக்கு வந்தபோது சாமி ஓலைக்கு ஈர்க்குக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வீண், சாமி!" ஆவுடையப்பனுக்கு மூச்சிரைத்தது. "சொந்தத் துணியைக் கப்பலில் ஏற்றினாராம், அதற்குத்தான் விலங்கு. கரைக்குள் கிடப்பவர்களைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. கப்பலேறிப் போனவர்களைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அவர் வெட்டின கால்வாயைப் பற்றியும் இல்லை. கஞ்சியைப் பற்றியும் இல்லை. இதற்கா நான் சோறு இறங்காமல் அலைந்தேன்? இதற்கா நீங்கள் என்னை வெயிலில் செம்பு தூக்க வைத்தீர்கள்?"

சாமி கத்தியை ஓலையில் ஓட்டினார்.

"கடைசிவரைக்கும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது, சாமி. அவர் நல்லவரா..."

"உச்சிமாளி என்ன கேட்டாள்?"

ஆவுடையப்பன் நின்றார். "அங்கே நடந்தது உங்களுக்கு எப்படி..."

"ஊரே பேசுகிறது. என்ன கேட்டாள்?"

"கரையில் எந்த இடம் என்று கேட்டாள்."

"துரை என்ன சொன்னார்?"

"தெரியாது என்றார்."

"ஏன் தெரியாது?"

"அவர் அங்கே போகவில்லை, சாமி. உத்தரவை மட்டும் அனுப்பினார்."

"உத்தரவு தானாக நடந்தா போயிற்று?"

ஆவுடையப்பன் மேல்துண்டின் நுனியைப் பிடித்து முறுக்கினார். விட்டார். மறுபடியும் முறுக்கினார்.

"நான்தான் கொண்டுபோனேன். அவர் ஒல்லாந்தில் சொன்னதை நான் கரைமேல் நின்று தமிழில் சொன்னேன். மூடுங்கள் என்று சொன்னேன். மூடி முடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்றேன்."

"இடம் ஞாபகம் இருக்கிறதா?"

"இரட்டைப் பனைக்கு நேர் எதிரே. கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது, சாமி."

சாமி ஈர்க்கை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

ஆவுடையப்பன் அவசரமாகச் சொன்னார். "நான் வெறும் துபாசி. வார்த்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் போடுகிறவன். ஊரை ஆண்டவர் அவர். நல்லவரோ கெட்டவரோ, எல்லாம் அவர்..."

கத்தி கீழே விழுந்தது. சாமி எழுந்து நின்றுவிட்டார்.

"ஓய்! இடத்தைக் கேட்டவள் நெசவுத் தெருவில் இருக்கிறாள். நீர் எதற்கு என்னிடம் வந்து நிற்கிறீர்?"