ட்ரோன் வாங்க நாள் பார்த்த ராஜா

ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும், அவர்களுக்கு யோசனை சொல்லுகிறவர்களுக்குக் கூலி அதிகமாகவும் இருந்த முன்னொரு காலத்தில், ஒரு பெரிய ஆற்றின் கரையில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவன் கீர்த்திமாறன். நல்லவன்தான். யார் சோற்றிலும் மண் போட மாட்டான். ஆனால் எதையாவது அதிக விலைக்கு வாங்கி ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் அவனை விட்டுப் போனதே இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. அந்த ஊரில் அரண்மனை எதை வாங்கினாலும் அதை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டு, என்ன விலை என்று தண்டோரா போட்டுச் சொல்லுவார்கள். பட்டத்துக்கு வந்த புதிதில் கீர்த்திமாறன், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடி ஒன்றை வாங்கிப் பெருமையாகத் தண்டோரா போட்டான். கொஞ்ச நாளிலேயே பக்கத்து ராஜா அதைவிடப் பெரிய கண்ணாடியைப் பாதி விலைக்கு வாங்கிவிட்டான். வாங்கியவன் சும்மா இருந்தானா? எல்லையில் ஆளை நிறுத்தித் தண்டோரா போட்டான். அன்றிலிருந்து நம் ராஜா எதை வாங்குவதற்கும் நாள் பார்க்க ஆரம்பித்தான்.

ஒரு வருஷம் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் ட்ரோன் கொண்டுவந்தான். முறத்தளவு இருக்கும். நாலு மூலையிலும் காற்றாடி சுழலும். ஒரு மருந்துப் பொட்டலத்தைக் கட்டிவிட்டால் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடும். அந்த ராஜ்யத்துக்கு அது அவசியமான சாமான். ஆற்றின் நடுவே நாணல்திட்டு என்று ஒரு கிராமம். மழைக்காலத்தில் வெள்ளம் வந்துவிட்டால் படகு போகாது. அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் மரத்தில் சிவப்புச் சேலையைக் கட்டுவார்கள்; ஆள் பிழைத்தாலும் செத்தாலும் இறக்கிவிடுவார்கள். இக்கரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

வணிகன் யோக்கியன். "அடுத்த வருஷம் விலை இறங்கும். புதிதாக வருவது இன்னும் அதிக நேரம் பறக்கும்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். ராஜாவுக்கு அது போதாதா? காத்திருந்தான். அந்த மழைக்காலத்தில் நாணல்திட்டில் ஒரு வாலிபனைப் பாம்பு கடித்தது. விஷமுறிவு மருந்து இக்கரையில் வைத்தியர் வீட்டில் இருந்தது. சேலை மூன்றாம் நாள் இறங்கியது.

செத்தவன் அரண்மனை விகடகவி ஆண்டியப்பனின் மருமகன். மகள் அஞ்சுகம் கைக்குழந்தையோடு மாமியாருக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டாள். ஆண்டியப்பன் மறுவாரமே சபைக்கு வந்து ராஜாவைச் சிரிக்க வைத்தான். சபையில் அழுகிறவனை வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சிரிக்க வைக்கிறவன் பேச்சைத்தான் கேட்பார்கள்.

அடுத்த வருஷமும் மழை பிடித்துக்கொண்டது. வணிகன் வந்தான். சொன்னபடியே விலை இறங்கியிருந்தது. பொக்கிஷ மந்திரி திருமேனியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டியப்பனைக் கண்டால் அவருக்கு ஆகாது. தாம் மணிக்கணக்கில் பேசியும் திரும்பாத ராஜாவின் முகம் அவன் இருமினாலே திரும்புகிறதே என்ற எரிச்சல்.

"பார்த்தீர்களா மகாராஜா! காத்திருந்ததால் எத்தனை லாபம்! இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் இன்னும் லாபம்" என்றார் அவர்.

"மகாராஜா, இந்த வருஷமே வாங்கிவிடலாமே" என்றான் ஆண்டியப்பன். அன்று காலையில்தான் அவன் ஆற்றங்கரைக்குப் போய் வந்திருந்தான். மரத்தில் சிவப்புச் சேலை ஆடிக்கொண்டிருந்தது. பேரக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று கடைசிப் படகில் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

திருமேனியார் விடுவாரா? "விகடகவி பெரிய புத்திசாலி. அதற்குப்பின் விலை குறையாது, புதிது வராது என்று சொல்லத்தக்க நாள் எதுவென்று அவரே கணித்துச் சொல்லட்டும். சொல்லத் தெரியாவிட்டால் ராஜ்யத்தை விட்டுப் போகட்டும்" என்றார்.

ராஜாவுக்கு இந்தப் போட்டி பிடித்துப் போயிற்று. "சொல்லிவிடுவாயா, ஆண்டியப்பா?"

"சொல்லுகிறேன், மகாராஜா. ஒரே ஒரு வேண்டுகோள். நான் சொல்லும்வரை, நாளைக்கு விலை குறையக்கூடிய எதையும் அரண்மனை இன்று வாங்கக்கூடாது. ட்ரோனுக்கு ஒரு நியாயம், கத்தரிக்காய்க்கு ஒரு நியாயமா?"

சபை சிரித்தது. தம் கொள்கைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு திருமேனியாரே உத்தரவில் முத்திரை குத்தினார்.

மறுநாள் விடிந்ததும் ஆண்டியப்பன் மடைப்பள்ளி வாசலில் போய் நின்றுகொண்டான். சேர்த்துவைத்த அரிசி ராஜாவுக்குப் பிடிக்காது என்று அன்றன்றைக்குச் சந்தையில் வாங்கிச் சமைப்பதே அங்கே வழக்கம். சந்தைக்குக் கிளம்பிய சமையற்காரன் கூடையோடு திகைத்து நின்றான்.

"என்னங்க ஐயா, அரிசி வாங்க வேணாமா?"

"தை மாசம் அறுவடை ஆனதும் விலை விழுமா, விழாதா?"

"விழும்தான்."

"அப்ப தையில வாங்கிக்கலாம். காய்கறி?"

"மழை விட்டா மலிஞ்சிரும்."

"அப்ப மழை விடட்டும். போய்ப் படுத்துக்க."

சமையற்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். காலைப் பலகாரம் வரவில்லை. மதியச் சாப்பாடும் வரவில்லை. கோவிலுக்குக் கிளம்பிய ராஜா குடை எங்கே என்று கேட்டதற்கு, பழைய குடை கிழிந்துவிட்டது, புதுக்குடை கோடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று பதில் வந்தது. நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வந்தான். சபையில் வந்து உட்கார்ந்தபோது அவன் வயிறு போட்ட சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"டேய் ஆண்டியப்பா!" ராஜாவுக்கு ராஜபாஷையே மறந்துவிட்டது. "பசி உயிரு போவுதுடா! சோறு எங்கடா?"

"தை மாதத்தில், மகாராஜா. இன்று உண்டால் நஷ்டம். பொக்கிஷ மந்திரியின் முத்திரை இருக்கிறது."

"தை வரைக்கும் நான் இருப்பேனா? செத்துருவேன்டா!"

"இருக்க வேண்டாம் மகாராஜா, அப்போதுதான் அரிசிச் செலவே இல்லை. கேட்டீர்களே, இனிமேல் விலை குறையவே முடியாத நாள் எது என்று? சாமான் வேண்டியிருந்தவன் செத்துப்போன மறுநாள். அன்றைக்கு வாங்கினால் யாராலும் ஏமாற்ற முடியாது. அதற்கு முன்னால் எந்த நாளில் வாங்கினாலும் கொஞ்சம் நஷ்டம்தான். பசித்த நாளில் சோறு வாங்குவதும் நஷ்டம்தான்."

 ராஜா சிரிக்க ஆரம்பித்தான். வயிறு காலியாக இருந்ததால் சிரிப்பு வலித்தது. வலியோடு சிரித்துக்கொண்டே, "முதலில் சோறு! கையோடு அந்த ட்ரோன்!" என்று கத்தினான். திருமேனியார் தாம் குத்திய முத்திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலமே மருந்தைச் சுமந்துகொண்டு ட்ரோன் ஆற்றைக் கடந்தது. ஆண்டியப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று அது போவதையும் வெறுமையாகத் திரும்பி வருவதையும் பார்த்தான். இரண்டு நாள் கழித்துச் சேலை இறங்கியது. எதற்காக இறங்கியது என்று தெரியாமல் அவன் பட்ட பாட்டை என்னால் சொல்ல முடியாது. வெள்ளம் வடிந்து முதல் படகு வந்தது. இடுப்பில் குழந்தையோடு அஞ்சுகம் இறங்கினாள்.

"பொழச்சிக்கிச்சுப்பா" என்றாள். அவள் சிரிக்கவில்லை. புருஷன் சாமான்களை ஒரு மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

வணிகனின் அடுத்த கப்பல் வந்தது. ட்ரோன் விலை பாதியாகிவிட்டது. புதிதாக வந்தது இரண்டு மடங்கு நேரம் பறந்தது. பக்கத்து ராஜா அதை வாங்கி எல்லையில் தண்டோரா போட்டான். கீர்த்திமாறன் முகம் தொங்கிப்போய்ச் சபையில் உட்கார்ந்திருந்தான். திருமேனியாருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

"ஆண்டியப்பா, உன் பேச்சைக் கேட்டு நான் ஏமாந்துவிட்டேன் அல்லவா?"

"ஆமாம், மகாராஜா. ஆனால் இது ஒன்றுமே இல்லை. முதல் வருஷமே வாங்கியிருந்தால் இதைவிட நன்றாக ஏமாந்திருப்பீர்கள்."

ராஜா குபீரென்று சிரித்தான். சபை முழுவதும் சேர்ந்து சிரித்தது. திருமேனியாரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"என் மருமகன் இருந்திருப்பான்" என்றான் ஆண்டியப்பன். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அவன் கையில் மாட்டிவிட்டான். ஆண்டியப்பன் குனிந்து கும்பிட்டான். ராஜா சிரித்து ஓய்கிற வரைக்கும் அவனும் கூடவே சிரித்துக்கொண்டு நின்றான். அவன் உத்தியோகம் அதுதானே.