ஊருணி வளைவு வழக்கு

கொக்குடையான்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தவறமாட்டார்கள். தாங்கள் சொன்ன சொல் இல்லை, அடுத்தவர் சொன்ன சொல். வழியில் போகிற யாராவது “கொஞ்சம் இருங்க, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் திரும்பி வருகிறவரை அங்கேயே இருப்பார்கள். அப்படி ஒரு டீத்தூள் வியாபாரிக்காகப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்ட ஒருவருக்கு வீட்டிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பாடு போன கதை உண்டு. அது வேறு கதை. இது சேவுகன் நடுவராக இருந்த கதை.

தன் மண்டையைப் பற்றிச் சேவுகனுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. “எனக்கு உள்ளேயும் எலும்புதான். அதனாலதான் இத்தனை வயசுக்கு ஒரு தலைவலி வந்ததில்ல” என்று தன்னைத் தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார். ஊர்க்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். அவர்களுக்கும் தலைவலி வந்ததில்லை.

அய்யனார் கோயில் திருவிழாவுக்கு அந்த ஊரில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். வழக்கமாக டவுனிலிருந்து ஒரு பழைய பந்தயக்காரர் வந்து தீர்ப்புச் சொல்வார். இந்தத் தடவை அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நீங்களே மூன்று பேர் நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னவர், எப்படிப் பார்ப்பதென்றும் சொல்லிக்கொடுத்தார். எல்லைக்கோட்டில் நிற்கிறவர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வளைவில் நிற்கிறவர் தப்பு நடந்தால் சிவப்புக் கொடியைக் காட்ட வேண்டும். தலைமை நடுவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார வேண்டும்.

கறை படாத வெள்ளைச் சட்டை ஊரில் சேவுகனிடம்தான் இருந்தது. ஆவணியில் வரப்போகும் மகள் பவுனுவின் கல்யாணத்துக்கென்று தைத்து வைத்திருந்தார். சட்டைக்குள் ஆள் வேண்டுமே என்பதற்காக அவரையும் சேர்த்து மேடையில் உட்கார வைத்தார்கள். கோட்டுக்கு ஒச்சப்பனும் ஊருணி வளைவுக்கு வீரணனும் போனார்கள்.

பந்தயம் நன்றாகத்தான் நடந்தது. கெட்டுப்போனது அதன் முடிவு. முதலில் வந்த வண்டி தவசியுடையது. தவசி, சேவுகனின் மனைவி ராக்குவுக்கு உடன்பிறந்த தம்பி. அடுத்து வந்த வண்டி அழகுமலையுடையது. அழகுமலை, பவுனுவைக் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளையின் அப்பா. அவர் வண்டி ஒரு பக்கம் முழுக்கச் சேறாக வந்தது.

அழகுமலை வண்டியை நிறுத்திவிட்டு நேராக மேடைக்கு வந்தார். ஊருணி வளைவில் தவசி வேண்டுமென்றே வண்டியைக் குறுக்கே வெட்டி, தன் குதிரையைச் சேற்றில் இறக்கிவிட்டான் என்றார். தவசி, வண்டி தன் தடத்தில்தான் போனது, சேறுதான் ரோட்டுக்கு வந்துவிட்டது என்றான்.

“சம்பந்தி, நான் வேற ஒண்ணும் கேக்கல,” என்றார் அழகுமலை. “நியாயமா எனக்கு வரவேண்டிய முதலிடம் எனக்கு வரணும். இல்லைன்னா நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பேச்சும் இல்ல, ஆவணியும் இல்ல.”

சேவுகன் தீர விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினார். செம்பைக் கையில் கொடுத்த ராக்கு, சத்தம் போடாமல் சொன்னாள்.

“எந்தம்பியப் பந்தயத் திருடன்னு உங்க வாய் சொல்லிச்சுன்னா, அந்த வாய்க்கு இந்த வீட்டுல சோறு கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்கச் சொன்னதுதான் சேவுகனுக்குப் பெரிய கஷ்டமாகப் போய்விட்டது. மச்சினனுக்குச் சாதகமாகச் சொன்னால் மகள் கல்யாணம் போகும். சம்பந்திக்குச் சாதகமாகச் சொன்னால் சோறு போகும். பவுனுவோ அழுத கண்ணோடு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேவுகன் தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டார். இந்த மண்டையை நம்பி ஒரு மகளைப் பெற்றோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

விசாரணை தொடங்கியது. முதலில் ஒச்சப்பனைக் கூப்பிட்டார்கள். எல்லைக்கோட்டுக்கு எந்த வண்டி முதலில் வந்தது, எப்படி வந்தது என்று கேட்டார்கள். ஒச்சப்பன் அப்போதும் கோட்டைப் பார்த்தபடிதான் பதில் சொன்னார்.

“நாலு குளம்பு வந்துச்சு. ரெண்டு சக்கரம் வந்துச்சு. பெறகு இன்னொரு நாலு குளம்பு, ரெண்டு சக்கரம். எல்லாம் நல்லபடியாத் தாண்டுச்சு. நடுவுல ஒரு கட்டெறும்பும் தாண்டுச்சு.”

“குளம்புக்கு மேல குதிரைன்னு ஒண்ணு இருந்திருக்குமே, அதப் பாக்கலையா?” என்று சேவுகன் கேட்டார்.

“இருந்திருக்கலாம்ணே. நான் பாக்கல. கண்ண எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.”

அது சரிதான் என்று சபை ஒப்புக்கொண்டது. அடுத்து வீரணன் வந்தார். வளைவில் தப்பு நடந்ததா என்று கேட்டதற்கு, நடந்தமாதிரிதான் தெரிந்தது, அதனால் உடனே சிவப்புக் கொடியைக் காட்டினேன் என்றார். மேடையில் இருந்த யாரும் கொடியைப் பார்க்கவில்லை. யாரிடம் காட்டினாய் என்று கேட்டார்கள்.

“பக்கத்துல ஒரு எருமை நின்னுச்சு. அதுகிட்டக் காட்டினேன்,” என்றார் வீரணன். “யார்கிட்டக் காட்டணும்னு சொல்லலையே. அங்க அது மட்டுந்தான் சும்மா நின்னுச்சு.”

எருமை கொடியைப் பார்த்து என்ன செய்தது என்பதைப் பற்றிக் கொஞ்சநேரம் பேச்சு போனது. வீரணன், அது சத்தியமாகப் பார்த்தது என்று அடித்துச் சொன்னார். எருமையைக் கூட்டிவர ஆள் போனது. அது ஊருணிக்குள் இறங்கிவிட்டிருந்தது. கூப்பிட்டும் வரவில்லை.

வேறு வழி தெரியாமல் சேவுகன் டவுன்காரருக்கே போன் போட்டார். அவருக்கு இடுப்பில் யாரோ எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வலியில் முனகிக்கொண்டே, “நடந்தத நடந்தபடியே இன்னொரு தடவ நடத்திப் பாருங்கய்யா, தன்னால தெரிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சேவுகனுக்கு உயிர் வந்தது. உடனே இரண்டு வண்டியையும் பூட்டச் சொன்னார். அங்கேதான் ஒச்சப்பன் ஒரு நியாயத்தைக் கிளப்பினார். குதிரைகள் இரண்டும் கொள்ளுத் தின்றுகொண்டிருக்கின்றன. தின்கிற வாயைப் பாதியில் இழுப்பது பாவம். மேலும், தப்பு செய்த குதிரையையே கூட்டிப்போய் நடந்ததைச் செய்துகாட்டச் சொன்னால், அது உஷாராகி ஒழுங்காக ஓடிவிடாதா?

“ஓடிரும்,” என்றார் வீரணன். “நானா இருந்தா அப்படித்தான் ஓடுவேன்.”

ஆகவே குதிரைக்குப் பதிலாக ஆளைப் பூட்டுவதென்று முடிவானது. அழகுமலை வண்டிக்கு அவர் மகனே முன்வந்தான். மாப்பிள்ளைப் பையன் நல்ல உயரம், கால் நீளம், அப்பா சொன்னால் தட்டமாட்டான். தவசி வண்டிக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒச்சப்பன் கோட்டைப் பார்க்க வேண்டும். வீரணன் கொடி பிடிக்க வேண்டும். மேடையில் சும்மா உட்கார்ந்திருந்தவர் சேவுகன் ஒருவர்தான். அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டு, மேடையில் நடுவர் இருப்பதாக அறிவிக்கச் சொல்லிவிட்டு, இறங்கிப்போய் வண்டியின் இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே நின்றார்.

இப்படி மாமனாரும் மருமகனும் பூட்டப்பட்டு, சம்பந்தியும் மச்சினனும் கடிவாளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார, விசாரணை ஓட்டம் கிளம்பியது. மருமகன் மரியாதை தெரிந்தவன். “மாமா, நீங்க முன்னாடி போங்க” என்று வழிவிட்டான். பந்தயத்திலும் தவசி வண்டிதான் முன்னே போனது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஊருணி வளைவு வரைக்கும் சேவுகன் பிரமாதமாக ஓடினார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாலும் ஒரு குதிரைக்குரிய கண்ணியத்தோடு ஓடினார். தவசி கயிற்றை நேராகத்தான் பிடித்திருந்தான். ஆனால் வளைவின் உள்பக்கம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ராக்கு நின்றிருந்தாள். சேவுகனை ஒரு பார்வை பார்த்தாள்.

சேவுகன் மிரண்டுபோனார். அந்தப் பக்கம் போகாமல் கால் தன்போக்கில் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. வண்டி குறுக்கே வெட்டியது. மருமகன் மரியாதையாக ஒதுங்கப் பார்த்து, அப்பாவையும் வண்டியையும் சேர்த்துச் சேற்றில் இறக்கினான். வீரணன் இந்தத் தடவை கொடியை ஊரே பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்.

அதற்கப்புறம் தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. தலைமை நடுவர் ஏர்க்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால், மற்ற இருவரும் கூடிப்பேசினார்கள். சட்டையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒச்சப்பன் தீர்ப்பைச் சொன்னார். வளைவில் தப்பு நடந்தது உண்மை. ஆகவே முதலிடம் அழகுமலைக்கு. ஓட்டினவன் மேல் குற்றமில்லை, கயிறு நேராக இருந்தது. ஆகவே தவசி யோக்கியன். குற்றம் முழுக்கக் குதிரையுடையது. அந்தக் குதிரை அடுத்த திருவிழா வரைக்கும் ஓடக் கூடாது.

அழகுமலை சேற்றைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தவசி மீசையை முறுக்கினான். ராக்கு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இன்றைக்குக் கறிக்குழம்பு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். பவுனு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு வீடும் ஒரே நேரத்தில் பிழைத்ததில் சேவுகன் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

“அப்ப தவசியோட செவலக் குதிர ஓடக் கூடாது, அப்படித்தானே?”

“அது வளைவுல ஓடுனத எருமையும் வீரணனுந்தான் பாத்திருக்காங்க,” என்றார் ஒச்சப்பன். “நீங்க மிரண்டு ஓடுனத ஊரே பாத்துச்சு. நீங்கதான்ணே ஓடக் கூடாது.”

யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி என்று சேவுகனுக்கே பட்டது. தலையைக் குனிந்து தண்டனையை ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ஓடவில்லை. மழை வந்தாலும் ஓடவில்லை, தெருநாய் துரத்தினாலும் ஓடவில்லை. நாய்தான் பாவம், நடந்து நடந்து துரத்திப் பழகிக்கொண்டது.

ஆவணி வந்தது. அய்யனார் கோயிலில் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்து, பூசாரி தாலியைக் கேட்டபோதுதான், அதை வீட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. தாலி பெண்ணின் அப்பா கையால்தான் வந்துசேர வேண்டும் என்று பூசாரி முன்பே சொல்லியிருந்தார். ஆகவே வேறு யாரும் அசையவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது, ஓடிப்போய் எடுத்து வாருங்கள் என்று அழகுமலை பதறினார்.

“நடந்துதான் சம்பந்தி போகமுடியும்,” என்றார் சேவுகன். “தீர்ப்பு இருக்கு.”

வேகமாக நடக்கலாமா என்று தவசி கேட்டான். எவ்வளவு வேகம் வரைக்கும் நடை, எதற்கு மேல் ஓட்டம் என்று கேள்வி வந்தது. பந்தலுக்குள்ளேயே நடுவர் கமிட்டி கூடியது. பூசாரி அதுவரைக்கும் சொன்ன மந்திரத்தையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். வீரணன் எழுந்து நின்று ஒரு முடிவைச் சொன்னார்.

“ரெண்டு காலும் தரைய விட்டா அது ஓட்டம். ஒரு கால் எப்பவும் தரையில இருந்தா அது நட. எவ்வளவு வேகமா வேணும்னாலும் போகலாம்.”

“எந்தக் கால்?” என்று சேவுகன் கேட்டார்.

கல்யாண வீடாயிற்றே, வலது கால்தான் என்றார்கள்.

சேவுகன் வலது காலைத் தரையில் ஊன்றினார். ஊன்றியதை எடுக்கவே இல்லை. இடது காலால் தள்ளித் தள்ளி, வலது காலைத் தேய்த்துக்கொண்டே கோயில் வாசலைத் தாண்டினார். தெருப்புழுதியில் கோடு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாசற்படியில் பாதத்தை உரசியபடியே ஏற்றி, தாலியை எடுத்துக்கொண்டு, அதே கோட்டில் திரும்பி வந்தார். கூட்டம் வழியெல்லாம் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் பவுனு கழுத்தில் தாலி ஏறியது. சேவுகன் அழுதுவிட்டார். பாதி சந்தோஷம், பாதி உள்ளங்கால் எரிச்சல்.

கல்யாணம் முடிந்தாலும் தீர்ப்பு முடியவில்லை. ஒரு கால் எப்பவும் தரையில் இருக்க வேண்டும் என்றல்லவா சொன்னார்கள். கட்டிலில் படுத்தாலும் சேவுகன் வலது காலை மட்டும் கீழே தொங்கவிட்டு, பாதத்தைத் தரையில் பதித்துக்கொண்டுதான் படுத்தார். வீடு கூட்ட வந்த ராக்குவுக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அந்தக் கால் ரொம்ப வலிக்கும். கொஞ்ச நேரம் இடது கால மாத்தி வைங்களேன்.”

சேவுகன் ஊன்றிய காலை எடுக்காமலே தலையைத் தூக்கிக் கேட்டார்.

“மாத்துற நேரத்துல ரெண்டு காலும் மேல இருந்துட்டா, நான் ஓடினதா ஆயிராதா?”

ராக்குவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. துடைப்பத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அம்மிக் குழவியை உருட்டிக்கொண்டு வந்து, தூக்கத்திலும் புருஷன் ஓடிவிடாதபடி அந்தப் பாதத்தின் மேல் வைத்தாள்.