தொட்ட குதிரை

தென்காசியில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு தகரக் கூரை அறை. அங்கே செஸ் சொல்லிக்கொடுப்பவள் ஜெனோவா. வயது இன்னும் முப்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் கற்றுக்கொள்ள வருகிற வக்கீல்கள்கூட அவள் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்காருவார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், வேலை கொடுப்பாள். அது பிடிக்காதவர்கள் சீக்கிரமே நின்றுவிடுவார்கள்.

செண்பகவடிவு நிற்கவில்லை. பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து வருகிறாள். இப்போது பி.எஸ்ஸி. கணக்கு முடித்தாயிற்று. மேற்படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது.

ஒன்று பெருநகரத்தில். பேரைச் சொன்னால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். இன்னொன்று ஒரு மலையடிவாரத்தில். பேரைச் சொன்னால், "அது எங்கம்மா இருக்கு?" என்பார்கள். ஆனால் அங்கே படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு வந்தால் வாய் ஓயாமல் அந்த இடத்தைப் பற்றியே பேசுவார்கள். லீவு முடிவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியும் விடுவார்கள்.

"அக்கா, எதுல சேர?" என்று கேட்டாள் செண்பகவடிவு.

ஜெனோவா வாளியை நகர்த்திக்கொண்டிருந்தாள். சாரல் காலம். கூரை நேற்று ஒழுகிய இடத்தை விட்டுவிட்டு இன்று வேறொரு இடத்தில் ஒழுகியது.

"உனக்கு என்னட்டி வேணும்?"

"ஒரு கணக்குல மாட்டிக்கிட்டு முழிப்போம்லா, அப்புறம் சட்டுனு பிடிபடும். அந்த சந்தோஷம் வேணும். அது எனக்குள்ள செத்துப்போயிருமோன்னு பயமா இருக்குக்கா. அது போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?"

"எங்க போனா சாகும்?"

"அதைத்தான உங்ககிட்ட கேக்குதேன்!"

ஜெனோவா மேசை மேல் கிடந்த ரெக்ஸின் போர்டைச் சுருட்டினாள். காய்களைப் பையில் போட்டாள். இரண்டையும் அவள் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு இடத்துக்கும் போய் ஒரு பொழுது இரு. கணக்கு படிக்கிற யாராவது ஒருத்தர்கூட ஒரு ஆட்டம் ஆடு. வந்து சொல்லு."

"ஜெயிக்கணுமா?"

"ஆடணும்."

அவள் கிளம்பிப் போனாள்.

அவளுடைய மாமா சங்கரநாராயணனுக்கு அதுவரை பொறுக்கவில்லை. மருமகளுக்குப் பெருநகரத்தில் இடம் கிடைத்ததை ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஃப்ளெக்ஸுக்கும் சொல்லிவிட்டார். பெருநகரப் பல்கலைக்கழகத்தின் வாசல் படம், அதன் மேல் செண்பகவடிவு படம், அதைவிடப் பெரிதாக மாமா படம். பாசக்கார மனுஷன்தான். பாசம் ஃப்ளெக்ஸாக வந்துவிட்டது, என்ன செய்ய?

செண்பகவடிவு திரும்பி வந்த அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் எந்த இடம் என்று இணையதளத்தில் உறுதி செய்தாக வேண்டும். வீட்டுக்குக்கூடப் போகாமல், தோளில் பையோடு நேரே மாடியேறி வந்தாள்.

"முடிவு பண்ணிட்டேன்க்கா. பெரிய இடம்தான்."

"உட்காரு. என்ன ஆச்சு?"

"அங்க ஜெயிச்சேன். இன்னொரு இடத்துல தோத்தேன். ஜெயிச்ச இடம்தான நமக்கு நல்லது?"

ஜெனோவா ஒழுகுகிற இடத்துக்கு வாளியைத் தள்ளி வைத்தாள்.

"அங்க லைப்ரரியைப் பாத்தா மயக்கம் வருது. நாங்க படிக்கிற புஸ்தகத்தை எழுதினவரு அங்க வராந்தாவுல நடந்து போறாரு. கண்ணால பாத்தேன்!"

"பேசினாரா?"

"அவருக்கு நேரம் இருக்குமாக்கா?"

"சரி. இன்னொரு இடம்?"

"அதை ஏன் கேக்கீங்க! எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே இருக்காவ. அது படிக்கிற இடமா, கல்யாண வீடா? அங்க போனா நான் உருப்படுவேனான்னு இருக்கு."

ஜெனோவா போர்டை வாங்கி மேசையில் விரித்தாள்.

"ஜெயிச்ச ஆட்டத்தை வை."

செண்பகவடிவு உற்சாகமாகக் காய்களை அடுக்கினாள். இரண்டு பக்கமும் நகர்த்திக்கொண்டே போனாள். பாதியில் கை நின்றது. ஒரு சிப்பாயை எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிஷப்பைத் தள்ளிப் பார்த்தாள்.

"இங்க அவன் எதையோ வெட்டினான். அப்புறம் நான் என்னமோ பண்ணினேன். ஜெயிச்சுட்டேன்."

"என்ன பண்ணின?"

"ஞாபகம் இல்லக்கா."

"அவன் ஒண்ணும் கேக்கலையா?"

"கையைக் குடுத்தான், எந்திரிச்சுப் போயிட்டான். நின்னு பாத்துக்கிட்டிருந்தவங்களும் போயிட்டாங்க. நான்தான் தனியா உக்காந்து காயைப் பொறுக்கிப் போட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. ஜெயித்துவிட்டு வந்தவள் குரல் மாதிரியே இல்லை.

"தோத்த ஆட்டத்தை வை," என்றாள் ஜெனோவா.

இப்போது கை தடுமாறவில்லை. காய்கள் மளமளவென்று வந்து உட்கார்ந்தன. வாயும் கூடவே ஓடியது.

"ரூபின்னு ஒரு பிள்ளை. சரியான வாயாடி. இந்த இடத்துல நான் யானையை எடுத்தேன், அதோட என் கதை முடிஞ்சுது. சரி, போறேன்னு எந்திரிச்சா விட மாட்டேங்கா. கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சு, 'ஏ, இங்க குதிரையை நடுவுல வெச்சிருந்தா நான் காலி. ஏன் வைக்கல?'ன்னு கேக்கா. ஜெயிச்சவ கேக்குற கேள்வியாக்கா அது?"

"நீ என்ன சொன்ன?"

"வெச்சா உன் சிப்பாய் வந்து விரட்டும்லான்னேன். அதுக்கு ஒருத்தன், கையில தோசையோட நின்னவன், 'விரட்டாது'ங்கான். இன்னொருத்தி விரட்டும்ங்கா. அப்பம் அவங்க ப்ரொஃபசர் அம்மா வந்தாங்க. அவங்களும் ஒரு காயை நகர்த்தினாங்க. அது தப்புன்னு முதல் வருஷத்துப் பையன் காட்டிட்டான். அந்தம்மா என்ன சிரிப்புங்கீங்க! தோசை ஆறிப்போச்சு, கேன்டீனைப் பூட்டிட்டாங்க, நான் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாப் போச்சு. பசி வேற."

"கடைசியில யாரு சொன்னது சரி?"

"முடியவே இல்லக்கா. பஸ்ஸு பூரா இதேதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. ஜன்னல் வழியா சாரல் அடிச்சு முழுக்க நனைஞ்சிருக்கேன், அதுகூடத் தெரியல."

அவள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ! அக்கா! எல்லாரும் தப்பு! சிப்பாய் விரட்டினா விரட்டட்டும். விரட்டுனா குதிரை இங்க தாவும். ராஜாவுக்கு செக், அதே அடியில ராணியும் போச்சு! ரூபிகிட்ட இதைக் காட்டணும்க்கா. அவ மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்!"

விரல்கள் குதிரையின் தலையைப் பிடித்திருந்தன. முகம் முழுக்க வெளிச்சம்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாமா. செண்பகவடிவு இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏளா, பட்டனை அமுக்கிட்டியா? மணி நாலரை ஆச்சு. தெருமுனையில ஃப்ளெக்ஸு கட்டியாச்சு, போறவன் வாறவன்லாம் நின்னு படிக்கான். மாமா மானத்தை வாங்கிராத, என்ன?"

"அமுக்குதேன் மாமா."

போனை வைத்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. குதிரையை விட்டுவிட்டு, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, போனில் இணையதளத்தைத் திறக்கப் போனாள்.

"எங்க போற?" என்றாள் ஜெனோவா.

"பட்டனை அமுக்கணும்லா."

"செஸ்ஸுல தொட்ட காயை நகர்த்தணும். இத்தனை வருஷம் என்னத்தட்டி படிச்ச?"

செண்பகவடிவு போர்டைப் பார்த்தாள். குதிரை அங்கேயே நின்றது. ஜெயித்த ஆட்டத்தின் அடையாளம் ஒன்றுகூட அந்த மேசையில் இல்லை.

மெல்லக் கையை நீட்டிக் குதிரையை எடுத்தாள். நடுவில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு போனை எடுத்து, ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, உறுதி செய்தாள். முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"அக்கா, மலையடிவாரம்."

"ம்."

"மாமாகிட்ட நான் என்ன சொல்லட்டும்? தெருமுனையில கட்டிட்டாரே!"

ஜெனோவா நிறைந்த வாளியைத் தூக்கி ஜன்னல் வழியே வெளியே ஊற்றினாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"கிழியாம அவுத்துக் கொண்டாரச் சொல்லு. இங்க ஒழுகுது."