நரி கேட்ட நடுப்பகுதி

இது நேரில் கண்டதல்ல, காதுவழி வந்த கதை. ருமேனிய நாட்டில் ஒரு காட்டில் முள்ளெலி ஒருத்தி இருந்தாள். பாலாடைக்கட்டி சேர்த்த மாவைத் தடிமனாகத் தட்டி, மெதுவடைபோல நடுவில் ஓட்டை போட்டுப் பொரிப்பாள். ஓட்டையிலிருந்து எடுத்த மாவையும் சின்ன உருண்டையாகப் பொரித்து உச்சியில் வைப்பாள். மேலே பாலேடும் பழப்பாகும் வழியும். அதன் பெயர் பாப்பனாஷ்.

காட்டில் கேட்டு வருபவர்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான் தருவாள். நரிக்கு ஒன்று போதவில்லை. உச்சி உருண்டையை லபக்கென்று விழுங்கிவிட்டு, மிச்சத்தோடு கரடியிடம் ஓடியது. தேனைத் தவிர வேறெதையும் தொடாத கரடிதான் அந்தக் காட்டின் நீதிபதி.

"பாருங்கள் கரடியாரே! நடுப்பகுதியைக் காணோம். முள்ளெலியக்கா திருடுகிறாள். எனக்கு இன்னொன்று தரச் சொல்லுங்கள்!"

கரடி முள்ளெலியை வரவழைத்து, ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. "ஆமாம், காணோம்! முள்ளெலி, திருடியிருந்தால் நீ இந்தக் காட்டிலேயே இருக்க முடியாது."

முள்ளெலிக்கு முட்களெல்லாம் சிலிர்த்தன. வளையில் மூன்று குட்டிகள்; குளிர்காலம் வேறு நெருங்கிவிட்டது.

"நடுப்பகுதி உருண்டையாக மேலே இருந்ததே, ஐயா!"

"உருண்டையா? அப்படி ஒன்றை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை" என்றது நரி.

முள்ளெலி சற்று யோசித்தாள். "சரி. நரியண்ணன் கேட்டபடி ஓட்டையே போடாமல் ஒன்று சுட்டுத் தருகிறேன். மிச்சம் வைக்காமல் அவரே தின்னட்டும்."

"ஓ, பேஷாக!" என்று நரி நாக்கைச் சப்புக்கொட்டியது.

எண்ணெயில் மாவு பொன்னிறமாக உப்பி வந்தது. முதல் கடி மொறுமொறு. இரண்டாம் கடியில், ஓட்டை இல்லாததால் நடுவில் வேகாத பச்சை மாவு பசைபோல அண்ணத்தில் அப்பிக்கொண்டது. நரி மெல்ல நழுவப் பார்த்தது.

"எங்கே போகிறாய்? நடுப்பகுதியைத் தின்னு. அதற்குத்தானே வழக்கு?" என்றது கரடி.

"வே... வேண்டாம்! எப்போதும்போல நடுவை எடுத்து, உருண்டையாக மேலேயே வைக்கச் சொல்லுங்கள்!"

"உருண்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றாயே?"

கடைசித் துணுக்கு உள்ளே போகும்வரை கரடி நரியை விடவில்லை.

பிறகு விசாரித்ததில் ஒன்று தெரிந்தது: முள்ளெலிகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாதாம். பாவம், சுட்டதில் ஒன்றைக்கூட அவள் தின்றிருக்க மாட்டாள்.

நீதி: பொய் வழக்குப் போடுபவர், தாம் கேட்டதையே விழுங்க நேரும்.