குமிழி அடங்காத கண்ணாடி

“வாத்தியாரம்மா, குமிழி அடங்க மாட்டேங்கு,” என்றார் கொம்பையா.

பாளையங்கோட்டையில் கார் ஏ.சி. பட்டறை நடத்திய ரெஜினாவைவிட அவர் வயதில் மூத்தவர். ஏ.சி.யில் ஏற்றும் பழைய வாயுவில் கை தேர்ந்தவர். புதியதைக் கற்க வந்திருந்தார். முதலில் கேலியாகவே வாத்தியாரம்மா என்று அழைத்தார். அப்பெயரே நிலைத்தது.

அன்று பட்டறைக்கு வந்த கார் வெள்ளை என்று சிலர் சொல்வர். சாம்பல் நிறம் என்போரும் உண்டு. கார்க்காரரின் பிரசவமான மகளைச் சித்திரை வெயிலில் கோவில்பட்டிக்குக் கொண்டுவிட, நண்பகலுக்குள் அது குளிர்ந்தாக வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகின்றனர்.

கார்க்காரர் ஆறுமுகநயினார் காலையிலேயே வந்து, இதை விற்றுத் தொலைக்கச் சொன்ன மருமகனே கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கொம்பையா பழைய எண்ணெயைக் கழுவி வெளியேற்றினார். ரப்பர் வளையங்களை மாற்றினார். குழாய்களின் ஈரத்தை இழுத்தார். எல்லாம் ரெஜினா சொன்னபடியே.

வாயு ஏற்றும்போது பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது. பழையதைவிடக் குறைவாகவே ஏற்றச் சொல்லியிருந்தார் ரெஜினா. தராசு அந்த அளவைக் காட்டியும் கொம்பையா நிறுத்தவில்லை. குழாயில் பதித்த சிறு கண்ணாடியைப் பார்த்தார்.

குமிழி ஓடியது. இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

குமிழி ஓடியது. இன்னும் கொஞ்சம்.

காருக்குள் குளிர் குறைந்துகொண்டே வந்தது.

ரெஜினா வந்து வாயுவை மீட்கும் கருவியை இணைத்து, மிகுதியை வெளியே இழுத்தார்.

“எடுத்தா இன்னும் சூடாகும்லா?”

தராசில் தான் சொன்ன அளவு வந்ததும் ரெஜினா கருவியை நிறுத்தினார்.

“எங்க காலத்துல கண்ணாடி தெளிஞ்சா நெறஞ்சிட்டுன்னு அர்த்தம், தாயி.”

“அது பழைய கேஸ், அண்ணாச்சி. இது நெறஞ்ச பிறகும் குமிழி விட்டுச் சலம்பும்.”

கறுப்பு டேப்பைக் கிழித்துக் கண்ணாடியின்மேல் ஒட்டினார்.

“மூடிட்டா எப்படித் தெரியும்?”

உள்ளே உட்கார்ந்து குளிரைப் பார்க்கட்டும் என்று ரெஜினா காரின் பின்கதவைத் திறந்துவைத்தார். கொம்பையா அங்கே போகவில்லை. திறந்த பானெட்டின் அடியிலேயே நின்று, டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தார்.

ஆறுமுகநயினார் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். மகள் பிள்ளையோடு பின்னிருக்கையில் அமர்ந்தாள். கதவுகள் மூடின. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கொம்பையாவின் நகம் டேப்பின் அடியிலேயே இருந்தது.

சற்று நேரத்தில் பின்கதவின் கண்ணாடி இறங்கியது.

“கொஞ்சம் கொறச்சு வைங்கப்பா, பிள்ளைக்குக் குளிருது,” என்றாள் அவள்.

கொம்பையா டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினார். பானெட்டை மெல்ல இறக்கினார்.